மூன்று சேனல், அறுபது வீடு

2010 ஜூன் 7. சான்ஃபிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி அரங்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோன் 4-ஐ உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். புதிய திரையின் துல்லியத்தை விளக்க ஒரு செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. மறுபடி முயன்றும் பக்கம் வரவில்லை. வேறு அம்சங்களைப் பேசிவிட்டுத் திரும்பி வந்தவர், கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது என்றார். அரங்குக்குள் 570 வைஃபை நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மடிக்கணினியை மூடுங்கள், வைஃபையை அணையுங்கள், பக்கத்து இருக்கைக்காரர் அணைத்தாரா என்றும் பாருங்கள் என்று அவர் கூட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த 570 கருவிகளின் சொந்தக்காரர்களில் யாரும் சட்டத்தை மீறவில்லை. உரிமம் தேவையில்லாத அலைவரிசையில், அனுமதிக்கப்பட்ட கருவியைத்தான் பயன்படுத்தினார்கள். அவரவர் உரிமைக்குள் நின்றபடியே ஒருவரை ஒருவர் முடக்கினார்கள். மேடையில் இருந்தவருக்காவது கூட்டத்தை அதட்ட முடிந்தது. அறுபது வீடுள்ள அடுக்குமாடியில் இரவு ஒன்பது மணிக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள் யாராக இருக்கலாம் என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாட்டப்பட்டிருக்கிறது. இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டரை அந்த நிறுவனமே தூரத்திலிருந்து இயக்க முடியும். இயக்கவும் செய்கிறது. சேனல் ஒதுக்கும் பொறுப்பை மட்டும் அது ஏற்பதில்லை.

‘நெட் சுத்துது’ என்ற புகார் எழாத குடியிருப்பு அபூர்வம். படம் நின்று நின்று ஓடும். அலுவலக அழைப்பில் மேலாளரின் முகம் பாதிச் சொல்லில் உறைந்து நிற்கும். வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் போனால், ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்பது முதல் வைத்தியம். 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300-க்கு மாறுங்கள் என்பது இரண்டாவது. அதுவும் கேட்காவிட்டால் ஆறு ஆன்டெனா முளைத்த புது ரூட்டர் வந்து இறங்கும். தெருவிலிருந்து வரவேற்பறை வரை ஃபைபரில் தரவு தடையில்லாமல் வந்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகு வரும் பத்து மீட்டர் காற்றில். ஃபைபரின் வேகத்தை மூன்று மடங்காக்கினாலும் காற்றில் இருக்கும் நெரிசல் அப்படியேதான் இருக்கும். பெரிய ரூட்டர் வாங்கியவர் தம் சத்தத்தைக் கூட்டுகிறார். எதிர் வீட்டுக்காரர் அதைவிடப் பெரியது வாங்குகிறார்.

இந்த நெரிசலைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டு ஃபோனில் போட்டுத் திறந்தால் ஒரு வரைபடம் வரும். அடியில் சேனல் எண்கள், 1 முதல் 13 வரை. மேலே சிக்னலின் வலு. சுற்றியுள்ள ஒவ்வொரு வைஃபையும் ஒரு கூம்பாகத் தெரியும். நிறுவனம் வைத்த பெயரும் நான்கு இலக்கமும் சேர்ந்த கூம்புகள், குடும்பப் பெயர்கள், ஒரு சினிமாப் பெயர், யாரோ வைத்த ‘பாஸ்வேர்டு கேட்காதே’ என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். கூர்ந்து பார்த்தால் சில கூம்புகள் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு அகலமாக இருப்பது தெரியும். அவை யாருடையவை, ஏன் அப்படி இருக்கின்றன என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் இந்தியாவில் 13 சேனல்கள். ஒரு சேனலின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது. ஆனால் ஒரு வைஃபை சிக்னல் விரிந்து உட்கார 20 மெகாஹெர்ட்ஸ் தேவை. எண்ணிக்கை பதின்மூன்று என்றாலும் ஒன்றையொன்று தொடாமல் வசதியாக இருக்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். 1, 5, 9, 13 என்று நெருக்கி நான்காக்கலாம் என்பவர்களும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேரும் அதற்கு ஒப்புக்கொண்டால் அது நடக்கும். ஒருவர் ஆறில் உட்கார்ந்தாலும் ஐந்துக்காரரும் ஒன்பதுக்காரரும் சேர்ந்து கெடுவார்கள்.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். வரைபடத்தில் ஒன்றாம் சேனலிலும் ஆறிலும் கூட்டமாக இருக்கிறது, மூன்றாம் சேனல் காலியாகத் தெரிகிறது, அங்கே போய் உட்காரலாம் என்று நினைக்கிறார்கள். அதைவிடக் கூட்டத்தோடு ஒன்றாம் சேனலிலேயே இருப்பது மேல். ஒரே சேனலில் உள்ள ரூட்டர்கள் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியும். பேசும் முன் கேட்டுப் பார்ப்பது, யாராவது பேசினால் காத்திருப்பது, பிறகு சிறிது நேரம் தற்செயலாகத் தள்ளிப்போட்டுப் பேசுவது என்பது வைஃபையின் அடிப்படை விதி. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு 1971-இல் ஓடவிட்ட அலோஹா ரேடியோ வலையின் வாரிசு அது. கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதைப் போல, பங்கு குறைந்தாலும் முறை வந்துசேரும். மூன்றாம் சேனலில் இருப்பவருக்கு அந்த முறையே கிடையாது. ஒன்றுக்காரரின் பேச்சும் ஆறுக்காரரின் பேச்சும் அவருக்கு வெறும் இரைச்சல். அவர் பேச்சு அவர்களுக்கும் அப்படியே. இரண்டு வரப்பையும் உடைத்தவர் அவர்.

ஒரே சேனலில் முறை கிடைக்கிறது என்பதற்காக அதில் எத்தனை பேரையும் அடைக்கலாம் என்றும் இல்லை. யாரும் எதையும் பார்க்காத நடு இரவில்கூட ஒவ்வொரு ரூட்டரும் விநாடிக்குச் சுமார் பத்து முறை ‘இதோ இருக்கிறேன்’ என்று தன் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. பழைய கருவிகளுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக, 2.4 பட்டையில் பல ரூட்டர்கள் இதை 1 எம்பிபிஎஸ் என்ற ஆகக் குறைந்த வேகத்தில் சொல்கின்றன. அறிவிப்பு 250 பைட் என்று வைத்துக்கொண்டால் அதைச் சொல்லி முடிக்க 2 மில்லி விநாடி. பத்து முறைக்கு 20 மில்லி விநாடி, அதாவது நேரத்தில் 2 சதவீதம். ஒரு சேனலில் இருபது பெயர்கள் தெரிந்தால், ஒரு பைட் உபயோகமான தரவு போவதற்கு முன்பே 40 சதவீத நேரம் பெயர் சொல்வதில் கழிந்துவிடும். விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் வைத்தால் அதற்கும் தனி அறிவிப்பு. மூலையில் கிடக்கும் பழைய ஃபோன் ஒன்று மெதுவாக எதையோ இறக்கிக்கொண்டிருந்தால், அது தன் ஒவ்வொரு முறையையும் முடிக்கும் வரை வேகமான புது ஃபோனும் காத்திருக்க வேண்டும்.

இனி அந்த இரட்டை அகலக் கூம்புகள். 2009-இல் வந்த 802.11என் தரம், இரண்டு சேனல்களை ஒட்டி 40 மெகாஹெர்ட்ஸாக ஓட வழி செய்தது. தனி வீட்டில், அக்கம்பக்கம் யாரும் இல்லாதபோது அது வேகத்தைக் கூட்டும். அடுக்குமாடியில் 2.4 பட்டையில் 40 மெகாஹெர்ட்ஸ் போடுகிறவர், மூன்று இடத்தில் இரண்டை ஒருவராக எடுத்துக்கொள்கிறார். அக்கம்பக்கத்தைக் கேட்டுத்தான் விரிய வேண்டும் என்று தரத்திலேயே விதி உண்டு. ஆனாலும் அந்த விதியைத் தட்டிக் கழிக்கும் ரூட்டர்கள் சந்தையில் இருக்கின்றன. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வேக எண் விற்பனைக்கு உதவுகிறது. அதற்கு விலை கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்.

அலைவரிசைக்காக அக்கம்பக்கத்தார் மோதிக்கொள்வது புதிதல்ல. 1926-இல் அமெரிக்காவில் இதே கூத்து பெரிய அளவில் நடந்தது. வானொலி நிலையங்களுக்கு அலைவரிசை ஒதுக்க வணிகத் துறைக்கு அதிகாரம் இல்லை என்று அந்த ஏப்ரலில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவுதான், நிலையங்கள் இஷ்டப்படி இடம் மாறின, வலுவைக் கூட்டின. சிகாகோவில் டிரிபியூன் நிறுவனத்தின் டபிள்யூஜிஎன் நிலையம், தன் அலைவரிசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓக் லீவ்ஸ் என்ற நிலையத்தின் மேல் வழக்குப் போட்டது. நூறு மைல் சுற்றளவுக்குள் 50 கிலோசைக்கிளாவது தள்ளி இரு என்று இல்லினாய் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1927 பிப்ரவரியில் வானொலிச் சட்டம் வந்து, ஒதுக்குவதற்கென்றே ஓர் ஆணையமும் பிறந்தது. சில மாதக் குழப்பத்தைத் தாங்க முடியாமல் ஒரு நாடே ஒதுக்கீட்டு முறைக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஆணையத்தின் வாரிசான எஃப்சிசிதான் 1985-இல் நேர்எதிர்த் திசையில் ஓர் அடி எடுத்துவைத்தது. மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளர் முன்னின்று வாதாட, தொழில்துறைச் சூடேற்றும் கருவிகளுக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் விட்டுவைத்திருந்த பட்டைகளில் உரிமம் இல்லாமல் யாரும் தொடர்புகொள்ளலாம் என்று திறந்துவிட்டது. ஏற்கெனவே கெட்டுப்போன இடம், இனி என்ன கெடப் போகிறது என்ற கணக்கு. (மைக்ரோவேவ் அடுப்பை லேசாக எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி பல ஆண்டுகள் பிடித்துவந்த மர்மத் துடிப்புகளுக்குக் காரணம், ஊழியர்கள் நேரம் முடியுமுன் அடுப்பின் கதவைத் திறந்ததுதான் என்று 2015-இல் தெரிந்தது.) அந்தக் கெட்டுப்போன இடத்தில்தான் வைஃபையும் புளூடூத்தும் வளர்ந்து உலகை நிறைத்தன. திறந்துவிட்டது சரியான முடிவு. வீட்டுக்கு வீடு உரிமம் கேட்டிருந்தால் இன்றும் வரவேற்பறையில் கேபிள்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தியா 2.4 பட்டையை 2005 ஜனவரியிலும், 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸை வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் சேர்த்து 2018 அக்டோபரிலும் உரிமத்திலிருந்து விடுவித்தது. அந்த விதிகளில் ஒரு நிபந்தனை உண்டு. யாருக்கும் குறுக்கீடு செய்யக் கூடாது, யாரிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்கவும் கூடாது, இது பகிர்ந்துகொள்ளும் இடம். முதல் பாதியை யாரும் நினைவில் வைப்பதில்லை. இரண்டாம் பாதி இருப்பதால் புகார் கொடுக்கவும் வழியில்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள் என்பது. மாறத்தான் வேண்டும். அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும். கட்டடத்துக்குள் அந்தப் பலவீனம்தான் அதன் பலம். ஆனால் இங்கேயும் அதே கதை வேறு உருவில் தொடங்கிவிட்டது. இன்றைய ரூட்டர்கள் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. ரேடார்களோடு பகிர வேண்டிய நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டால், 80 மெகாஹெர்ட்ஸ் இடம் இரண்டே இரண்டு: 36 முதல் 48 வரை ஒன்று, 149 முதல் 161 வரை மற்றது. 2.4-இல் மூன்றாக இருந்தது இங்கே இரண்டாகிவிடுகிறது! நடுப்பகுதிக்குப் போகும் ரூட்டர் முதலில் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டு, ரேடார் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் பேச வேண்டும். பிறகு ரேடார் கேட்டால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. விதியை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் சாட்சி. 2009-இல் அங்கே விமான நிலையத்துக்குக் காற்று எச்சரிக்கை தரும் வானிலை ரேடாரை, வெளிப்புற வயர்லெஸ் இணைப்புகள் குழப்பிக்கொண்டிருந்தன.

அடுத்த நம்பிக்கை 6 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020-இல் 1,200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் திறந்துவிட்டது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாத வரைவு விதிகளில் 5925 முதல் 6425 வரை, 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்கு விட முன்வந்தது. செல்ஃபோன் நிறுவனங்களின் சங்கமான சிஓஏஐ, இந்தப் பட்டை முழுவதும் ஏலத்துக்கு வர வேண்டும் என்று பிடித்த பிடியைப் பார்க்கும்போது இதுவே பெரிய காரியம். ஆனால் கணக்குப் போட்டால் அதில் 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் மூன்று கிடைக்கும், வைஃபை 7 கேட்கும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றே ஒன்று. அகலமே பெருமை என்று விற்கும் சந்தையில் இந்த இடமும் நிரம்ப எத்தனை வருடம் ஆகும்?

ஆக, இடம் கூட்டுவது ஒரு பாதி. பங்கு வைப்பது மறு பாதி. பங்கு வைக்கத் தெரிந்தவர்கள் இல்லாமலும் இல்லை. செல்ஃபோன் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக எந்தக் கோபுரத்துக்கு எந்த அலைவரிசை என்று திட்டமிட்டே வலையமைப்பை ஓட்டுகின்றன. ஐடி அலுவலகங்களில் ஒரு மையக் கட்டுப்பாட்டுக் கருவி ஒவ்வொரு தளத்தின் வைஃபைக்கும் சேனலையும் வலுவையும் பிரித்துக் கொடுக்கிறது. 2014-இல் திறந்த கலிஃபோர்னியாவின் லீவைஸ் மைதானத்தில் வைஃபை நிலையங்களை இருக்கைகளுக்கு அடியிலேயே பொருத்தினார்கள். மனித உடல் அலையை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒரு நிலையத்தின் சத்தம் சில வரிசைகளோடு அடங்கிவிடும், அதே சேனலைச் சற்றுத் தள்ளி மீண்டும் கொடுக்கலாம். சத்தத்தைக் குறைத்துத்தான் அங்கே வேகம் வந்தது. வீட்டு ரூட்டர்களோ எப்போதும் முழு வலுவில் கத்துகின்றன.

கணிதத்தில் இது வண்ணம் தீட்டும் புதிர். ஒட்டியிருக்கும் இரண்டு வீட்டுக்கு ஒரே வண்ணம் வரக் கூடாது. தட்டையான வரைபடத்துக்கு நான்கு வண்ணம் போதும் என்று 1976-இல் அப்பலும் ஹாக்கனும் நிறுவினார்கள். அடுக்குமாடியில் பக்கவாட்டோடு மேலும் கீழும் அண்டை வீடு உண்டு, கையில் இருப்பதோ மூன்றே வண்ணம். முழுமையான விடை பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் இருப்பதில் நல்ல விடையை அறுபது வீட்டுக்குச் சாதாரணக் கணினி கணநேரத்தில் போட்டுவிடும். அதற்கு ஒரு நிபந்தனைதான், அறுபது வீட்டையும் ஒருசேரப் பார்க்கும் கண் வேண்டும். ரூட்டரில் இருக்கும் ‘ஆட்டோ’ அந்தக் கண் அல்ல. அது தன் சுவரைச் சுற்றி மட்டும் பார்க்கும், பெரும்பாலும் எரியத் தொடங்கும் அந்த நேரத்தில் மட்டும். மின்சாரம் போய் வந்தால் கட்டடத்து ரூட்டர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கண் விழிக்கின்றன. எல்லாம் ஒரே காலியிடத்தைப் பார்த்து ஒன்றாகவே அங்கே பாயவும் வாய்ப்புண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இலேயே அமெரிக்க நகரங்களின் வைஃபை நெரிசலை அலசி, இதை ஒழுங்கற்ற அமைப்பு என்றே வகைப்படுத்தினார்கள்.

ஒருசேரப் பார்க்கும் கண் யாருக்கு இருக்கிறது? இணைய நிறுவனங்களுக்கு. டிஆர்-069 என்ற நெறிமுறை 2004-இல் வந்தது. அதன் வழியாக, வாடிக்கையாளர் வீட்டு ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்கலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், சேனலையும் மாற்றலாம். நிறுவனம் கொடுத்த ரூட்டர்களே நிறைந்த கட்டடத்தில், எந்த ரூட்டர் எதன் சத்தத்தைக் கேட்கிறது என்ற பட்டியலையும் அதே வழியில் சேகரிக்கலாம். பட்டியல் கையில் இருந்தால் வண்ணப் புதிரை அதிகாலையில் யாரும் விழிக்குமுன் போட்டு, 2.4-இல் எல்லோரையும் 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, 1, 6, 11 என்று பிரித்து, வலுவையும் குறைத்துவிடலாம். செலவு என்று பார்த்தால் மென்பொருள் வேலைதான்.

ஆட்சேபங்கள் உண்டு. ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் இணைப்பு இருக்கும். போட்டியாளர்கள் பேசிக்கொள்வார்களா? அமெரிக்காவில் 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் கடற்படை ரேடாரும் தனியார் நிறுவனங்களும் இன்று அக்கம்பக்கமாக இருக்கின்றன. நடுவில் ஒரு தானியங்கித் தரவுத்தளம் யாருக்கு எங்கே இடம் என்று சொல்கிறது. 6 கிகாஹெர்ட்ஸில் அதிக வலுவில் பேசும் நிலையங்களுக்கும் இதுபோன்ற ஏற்பாட்டுக்கு 2024-இல் அனுமதி கிடைத்தது. கடற்படைக்குச் சாத்தியமானது அடுக்குமாடிக்கு முடியாமல் போகாது. அந்தரங்கம் பற்றிய கவலை இன்னும் நியாயமானது. எந்த வீட்டு ரூட்டர் எப்போது உழைக்கிறது என்ற தகவல், வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதையும் சொல்லிவிடும். எனவே சேகரிப்பது சேனல், அகலம், சிக்னல் வலு இந்த மூன்றோடு நிற்க வேண்டும், சில நாளில் அழியவும் வேண்டும்.

பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடம் விட்டுவிடலாமே என்றால், அங்கே எச்சரிக்கை தேவை. அறிவிப்புப் பலகையில் எந்தத் தளத்துக்கு எந்தச் சேனல் என்று எழுதி ஒட்டுவது வரை சரி, சில இடங்களில் அதுவே போதும். அதைத் தாண்டி, சொல் கேட்காதவரின் வைஃபையை முடக்கும் கருவி வாங்கினால் அது சட்டவிரோதம். அமெரிக்காவின் நாஷ்வில்லில் உள்ள தன் ஹோட்டலில் விருந்தினர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்டுகளைத் துண்டித்த மாரியட் நிறுவனம் 2014-இல் 6 லட்சம் டாலர் கட்டியது. பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று அது சொன்ன சமாதானத்தை எஃப்சிசி ஏற்கவில்லை.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதில் தலையிட இடமிருக்கிறது. இணைப்பின் தரத்தை அளக்க விதிகள் வைத்திருக்கும் ஆணையம், நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் ரூட்டர் எந்த நிலையில் வாடிக்கையாளரிடம் வர வேண்டும் என்றும் சொல்லலாம். 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ்தான் இயல்புநிலை, மூன்று சேனலைத் தவிர வேறெதிலும் உட்காரக் கூடாது, 1 எம்பிபிஎஸ் அறிவிப்பை நிறுத்த வேண்டும் என்று மூன்று வரி எழுதினால் போதும். விரும்புகிறவர் அமைப்புப் பக்கத்துக்குள் போய் மாற்றிக்கொள்ளட்டும். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அதனால்தான் இயல்புநிலை இவ்வளவு முக்கியமாகிறது.

அதுவரை, நகராமல் இருக்கும் டிவியையும் மேசைக் கணினியையும் லேன் கேபிளில் சொருகிவிடுவது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் உபகாரம். நீளமாக ஓடும் படங்கள் காற்றிலிருந்து இறங்கிவிடும். புது இணைப்புக் கொடுக்க வரும் இளைஞர் ஃபைபரைச் சொருகி, ரூட்டர் பக்கத்தில் நின்று வேகச் சோதனை போட்டு, அந்தப் படத்தை அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்புகிறார். அவர் நிரப்பும் படிவத்தில் வேகத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. சேனல் எண்ணுக்கு ஒன்றும் அகலத்துக்கு ஒன்றும் சேர்த்தால், கிளம்புமுன் வைஃபை அனலைசர் செயலியை ஒருமுறை திறந்து பார்க்க அவருக்குக் காரணம் கிடைக்கும்.